குண்டுவாங்கியும் தையல்காரரும்

சினிமா வட்டாரத்தில் அவருக்குக் ‘குண்டுவாங்கி’ என்று பெயர். கதாநாயகன் மேல் பாய வரும் குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு சாகிற நண்பன் வேஷம் என்றால், ஆளனுப்பி இவரைத்தான் கூப்பிடுவார்கள். சாவதில் அவ்வளவு கைராசி.

சாகிற சட்டைகளைத் தைத்தவர் ஸ்டுடியோ தையல்காரர். ஒரே மாதிரி சில சட்டைகள் வேண்டும். முதல் தடவை ஒழுங்காகச் சாகாவிட்டால் மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி சாக வேண்டுமே. சிவப்புச் சாயம் வைக்க உள்பக்கம் ஒரு சின்னப் பையும் தைக்க வேண்டும்.

“குண்டு எந்தப் பக்கம் சார்?” என்று டேப்பை நெஞ்சில் வைத்தபடி கேட்டார் தையல்காரர்.

“இடது பக்கம். வலிக்காத மாதிரி தைங்க.”

“அது தைக்கிறவன் கையில இல்ல சார், சுடுறவன் கையில இருக்கு.”

அளவெடுத்து முடிந்த பிறகும் டேப் அங்கேயே இருந்தது. அந்த வருஷமே இருவரும் ஒரு வீட்டில் குடியேறினார்கள். ஊருக்கு அறை நண்பர்கள். இரண்டு கட்டில் போட்டார்கள். ஒன்றில் எப்போதும் துவைத்த துணிதான் படுத்திருக்கும். விஷயம் வெளியே கசிந்தால் வேலையும் போகும், வீடும் போகும், போலீஸும் வரும். அப்படிப்பட்ட காலம்.

படங்களில் இவர்களைப் போன்றவர்களுக்கு இரண்டே இடம் இருந்தது. ஒன்று, கைக்குட்டையை ஆட்டி இடுப்பை நெளித்து நடப்பவன், பார்த்துச் சிரிப்பதற்கு. மற்றொன்று, கல்யாணமே செய்துகொள்ளாமல் நாயகனையே சுற்றிச் சுற்றி வரும் நண்பன், பார்த்து அழுவதற்கு. முன்னது எனக்கு வேண்டாம் என்று குண்டுவாங்கி கடைசிவரை மறுத்துவிட்டார்.

“இந்த நண்பனை ஒரு படத்துலயாவது பிழைக்க விடக்கூடாதா?” என்று ஒரு டைரக்டரைக் கேட்டும் பார்த்தார்.

“விடலாம்யா. கடைசியில கல்யாண போட்டோ எடுக்கிறப்ப அவனை எங்க நிறுத்துறது, அதைச் சொல்லு!”

சிரித்துக்கொண்டே போய் அன்றும் செத்தார். ஆனால் அந்தச் சாவுகளை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரு ஆண் இன்னொரு ஆணைப் பட்டப்பகலில் மடியில் கிடத்தித் தலைமுடியைக் கோதலாம். ஊரே திரண்டு அதைப் பார்க்கும், யாரும் கல்லெறிய மாட்டார்கள். சாகிறவனுக்கு மட்டும் அந்தச் சலுகை. அதுவாவது கிடைத்ததே! படம் வெளிவந்ததும் இருவரும் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கொட்டகையே மூக்கை உறிஞ்சும்போது தையல்காரரும் உறிஞ்சுவார். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதற்காகவே சினிமாவுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் என்பார் குண்டுவாங்கி.

வயதான காலத்தில் தையல்காரருக்கு நுரையீரல் கெட்டது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்த்தால் கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடும். குண்டுவாங்கி சுவரில் முதுகை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து, அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டால்தான் மூச்சு சீராகும். வீட்டுக்கு வரும் நர்ஸம்மா கண்டுபிடித்த வழி அது. இரண்டு கிழவர்களையும் பார்த்து அவர் முகம் சுளித்ததில்லை. “இப்படியே இருங்க, நல்லாருக்கு” என்று மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

தையல்காரரின் தங்கை வரும் நாட்களில் மட்டும் தலையணைகள்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் குண்டுவாங்கி சமையலறைக்குள் போய், கழுவிய தம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார்.

ஒரு காலையில், நர்ஸம்மா மருந்து கொடுக்க வந்திருந்த நேரத்தில், தங்கை வாடகை வண்டியோடு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வந்து அண்ணனின் துணிகளைப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டுக்குப் போலாம்ணே. இங்க உன்னைப் பார்த்துக்க யார் இருக்கா?”

தையல்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்தது. தலையணை நழுவியது. உதடு நீலம் பாரித்தது. சமையலறையில் குண்டுவாங்கி தம்ளரைப் பிடித்தபடி நின்றார். கட்டிலில் ஏறினால் தங்கைக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஏறாவிட்டால் வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு ‘அறை நண்பன்’ எந்த உரிமையில் போய்ப் பார்ப்பான்?

“சார், வாங்க!” என்று நர்ஸம்மா அதட்டினார்.

“தங்கச்சி இருக்காங்களே...”

“அவங்க போற வரைக்கும் மூச்சு காத்துக்கிட்டு இருக்குமா? ஏறுங்க!”

ஏறினார். தையல்காரரை நெஞ்சில் வாங்கினார். கை தானாக அவர் தலைக்குப் போனது. இழுப்பு மெல்ல அடங்கியது. குண்டுவாங்கியின் கண்ணில்தான் தண்ணீர் நிற்கவில்லை.

“கேமரா இல்ல சார்,” என்றார் தையல்காரர், திணறலோடு. “நடிக்காதீங்க.”

தங்கை பையை இறக்கி வைத்தாள்.

“சின்ன வயசுல இவனோட உங்க படத்துக்கு வந்தேண்ணே. நீங்க சாகும்போது தேம்பித் தேம்பி அழுதான். சட்டையைத் தச்சவன், அது சாயம்னு தெரிஞ்சவன் அப்படி அழுதா, கூடப் பொறந்தவளுக்குப் புரியாதா?”

“அப்போ ஏம்மா கூட்டிட்டுப் போக வந்தே?”

“நான் வந்தாலே நீங்க சமையலறைக்கு ஓடுறீங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபமாக்கும், அண்ணனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆளில்லையாக்கும்னு நெனச்சேன். நல்லா நெனச்சேன் போங்க!” அவள் நர்ஸம்மாவைப் பார்த்தாள். “இவ்வளவு நாள் நீங்களும் பார்த்துக்கிட்டீங்களே. புண்ணியமாப் போகும்.”

“பார்த்துக்கிட்டது அவரு. நான் மருந்து குடுக்கிறவ.”

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். தங்கை அண்ணனைக் கேட்கவில்லை. அவர் தலைக்கு மேலே பார்த்து, குண்டுவாங்கியைக் கேட்டாள்.

“நீங்க சொல்லுங்கண்ணே. வண்டியை அனுப்பிடவா?”

தையல்காரரின் குடும்ப விஷயத்தில் அவரை ஒருவர் யோசனை கேட்பது அதுதான் முதல் தடவை.

“அனுப்பிடும்மா,” என்றார். “நீ மட்டும் இருந்து சாப்பிட்டுட்டுப் போ.”