மிதித்துப் பார்த்து வாங்கிய கேபிள்

கேபிளை மிதித்துப் பார்த்து வாங்குகிற மனிதரைத் தஞ்சாவூர் இசைக்கருவிக் கடையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, தொப்பைமேல் சாய்ந்த பேஸ் கிட்டார். ஒவ்வொரு கேபிளாகச் செருகித் தரையில் போட்டு, குதிகாலால் அழுத்திக்கொண்டே வாசித்தார். கடையின் கண்ணாடி அலமாரி சொக்கிப்போய் அதிர்ந்தது. நானும் பேஸ் வாசிப்பவன்தான். என் வாசிப்புக்கு எந்த அலமாரியும் அசைந்ததில்லை. வயிறு எரிந்தது.

நானும் கேபிள் வாங்கத்தான் போயிருந்தேன். "இன்னிக்கு வலங்கைமான் திருவிழாவுலயும் உன் கேபிள் கரகரன்னுச்சுன்னா வேற ஆளை நிக்க வச்சிருவேன்" என்று எங்கள் ஆர்கெஸ்ட்ரா முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

"என்னண்ணே, புதுக் கேபிளைப் போட்டு இந்த மிதி மிதிக்கிறீங்க?"

"பாட்டு நடுவுல பொன்னாடை போத்த மேடையேறுவாங்கல்ல, அத்தனை பேரும் இதுமேலதானண்ணே நடப்பாங்க!"

சிரித்தேன். பிறகுதான், முதலாளி சொன்ன வேறு ஆள் இவர்தானோ என்று பயம் பிடித்தது. "இன்னிக்கு உங்களுக்கு எங்க கச்சேரி?"

"வலங்கைமானுக்குக் கூப்பிட்டாங்கண்ணே. அங்க வாசிக்கிறவரோட கேபிள் கரகரங்குதாம். கேபிளை மாத்துங்க, ஆளை ஏன் மாத்துறீங்கன்னு கேட்டு, வரலேன்னுட்டேன்."

அந்த ஆள் நான்தான். அவர் எடுத்த கேபிளிலேயே இன்னொன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். அன்று கரகரப்பே இல்லை. என் இடமும் தப்பியது.

வாசிப்பில் மட்டும் என்னை மிஞ்சியிருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன். நல்ல மனிதராகவும் இருந்து தொலைத்தால் நான் என்னதான் செய்வது?