மூன்றாம் நம்பர் சாவி

கல்முனைக்குக் கோச்சி ஒருநாளும் வந்ததில்லை. தண்டவாளம் இருபத்தைந்து மைல் வடக்கே, மட்டக்களப்போடு முடிந்துவிடும். ஆனாலும் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த மாடிக் கட்டடம் ஊருக்குக் 'கோச்சி ஹோட்டல்'தான். கொழும்புக் கோச்சியால் இறங்கி வந்தவர்களும், விடியப் போய்க் கோச்சி பிடிக்க வேண்டியவர்களும் அங்கே படுத்தெழும்பினார்கள். ஆறு அறை. மனேஜரின் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் ஆறு சாவி.

சீனிமுகம்மது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டில் அந்த மேசையில் குந்தினவர். இரண்டு முதலாளிமார் மௌத்தான பிறகும் எழும்பவில்லை. இடமில்லையென்று ஒருவரையும் திருப்பியதில்லை என்பது அவருடைய பெருமை. அறை நிரம்பினால் தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு மேசையில் படுப்பார்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஹோட்டலுக்குள் அகப்பட்டவர்கள் மூன்று நாள் சாப்பிட்டது, திருக்கோவில் ஊரின் பெரிய வயல்காரர் செல்லத்தம்பிப் போடியார் மகளுக்கென்று கொண்டுபோன அரிசி. அதற்குப் பிறகு மூன்றாம் நம்பர் அறை போடியாருடையதாயிற்று.

தொண்ணூறில் சண்டை வந்தது. கோச்சி நின்றது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டு, தமிழாட்கள் அந்த முஸ்லிம் தெருவுக்கு வருவதும் நின்றது. தொண்ணூற்றிரண்டில் ஒரு பின்நேரம், கண் வைத்தியத்துக்குக் கொழும்பு போகவென்று போடியார் பையோடு படியேறினார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தெருவாட்கள் நாலு பேர் கதையை நிறுத்தினார்கள்.

"என்ன நானா, மூண்டாம் நம்பர் சும்மாதானே கிடக்கு?" என்று போடியார் கேட்டார்.

நாலு பேரும் சீனிமுகம்மதைப் பார்த்தார்கள்.

"ரூம் ஒண்டும் இல்ல போடியார். எல்லாம் நிரம்பிட்டு."

போடியாரின் நல்ல கண் பலகைக்குப் போனது. ஆறு சாவியும் தொங்கின.

"ஓம், ஓம். கோச்சி இல்லாமலே இவ்வளவு சனமெண்டா, கோச்சி வந்தா படியிலயும் படுக்கப் போடுவீங்க போல."

சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்துத் தமிழூர் பாண்டிருப்பில் தெரிந்த வீடு இருக்கிறதென்று இறங்கி நடந்தார்.

நாலு பேரில் ஒருவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஆருக்குப் பயந்தேன்? மறுநாள் விடியச் சுபஹுத் தொழுகையிலும் சீனிமுகம்மதுக்கு அந்தக் கேள்விதான். தொழுது முடித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். போடியார் கொழும்பு பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார்.

"நேத்து ஒரு அறையிலயும் ஆள் இல்ல, போடியார்."

"தெரியும் நானா. இந்தக் கண் அவ்வளவு மோசமில்ல."

சாவியை நீட்டுவதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

தொண்ணூற்றாறில் ஹோட்டலை மூடும்வரை அந்தச் சாவி பலகைக்குத் திரும்பவில்லை. சாரன் மடியிலேயே கிடந்தது. கேட்டவர்களிடம், "மூண்டில ஆள் இரிக்கி" என்பார். போடியார் பிறகு வரவேயில்லை.