நான்காவது பொத்தான்

எதிர்வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடியில், புறா விரட்டுவதற்காக ஒரு டிஸ்க் கட்டித் தொங்குகிறது. காற்றடித்தால் சுழலும். காலை வெயிலில் அதன் வெளிச்சம் என் செய்தித்தாளின் மேல் ஓடும். கண் கூசுகிறது என்று சொல்லிப் பார்க்கலாம், சொல்வதில்லை. அதில் என்ன இருந்தது என்று தெரிந்தவர்கள் இந்தத் தெருவில் இரண்டே பேர்தான் மிச்சம். நானும், அதைக் கட்டிய அந்த வீட்டு அம்மாவும். எங்களுக்கு அவர் மதாம்.

மதாமின் கணவரைத் தெருவே சொல்தா என்றுதான் அழைக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மகள் பிரான்சில், மகன் இங்கே. மகன் கல்லூரியில் படித்தபோது, படமெடுக்க வந்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று அவனையும் நிறுத்தியது. படத்தில் அது விளக்கு வைக்கும் நேரம். சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான், ஒருமுறை திரும்பிப் பார்ப்பான், போய்விடுவான். படம் வெளிவருவதற்குள் கடலூர் சாலையில் லாரி மோதி இறந்துவிட்டான். வீட்டில் போட்டோக்கள் இருந்தன. ஆனால் அவன் நடப்பதும் திரும்புவதும் அந்தப் படத்தில் மட்டும்தான்.

மகள் அந்தப் படத்தின் ப்ளூ-ரே டிஸ்க்கை அனுப்பினாள். மதியத் தூக்கம் கலைந்ததும் சொல்தா ஜன்னலை மூடிவிட்டுக் குரல் கொடுப்பார். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். "வா கணக்கு, பையன் வர்ற நேரமாச்சி." டிஸ்க்கிலும் அந்தச் சந்து இருட்டுதான். ஆனால் சுவரின் இருட்டு வேறு, சைக்கிளின் இருட்டு வேறு, தலைமுடியின் இருட்டு வேறு என்று பிரிந்து தெரியும். எதையும் எண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு. பின்னாலிருந்த ஜன்னலில் ஏழு கம்பி. சட்டையில் ஆறு பொத்தான் இருக்க வேண்டும், ஐந்துதான். மேலிருந்து நான்காவது இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் மதாம் சொல்வார்: "தெச்சித் தரேன்டான்னேன், நின்னானா?"

கடல்காற்று எங்கள் ஊரில் எதையும் சும்மா விடாது. டிஸ்க்கிலும் மங்கல் படிந்து, படம் அங்கங்கே தயங்கியது. சிடி காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த வைத்தியம் சொல்தாவுக்கு நினைவு வந்தது. பல் விளக்கும் பேஸ்ட்டை விரலில் எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் கழுவினார். "பளபளன்னு ஆயிடுச்சி பாரு கணக்கு," என்று தூக்கிக் காட்டினார். பழைய சிடியில் படம் ஆழத்தில் இருந்தது, அந்தத் தேய்ப்பைத் தாங்கியது. இந்தப் புது வகையில் படம் மேல்தோலுக்கு அடியிலேயே இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். பிளேயர் அதை உள்ளே வாங்கும், முனகும், வெளியே தள்ளிவிடும். இன்னொன்று வாங்க மகள் தேடினாள். அந்தப் படத்தை மறுபடி டிஸ்க்காகப் போடவில்லை.

"நெட்லயே இருக்குப்பா, இன்னும் தெளிவா தெரியும்," என்றாள். பெரிய டிவி வந்தது. கடற்கரைக் காட்சிகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. டிஸ்க்குக்குக் குறைவென்று சொல்ல மாட்டேன். சந்து வந்ததும் எல்லாம் கரைந்தது. சொல்தா பின்னால் ஓட்டினார். பின்னால் ஓட்டினால் படம் முதலில் கலங்கலாகத்தான் தொடங்கும். தெளிவதற்குள் பையன் கடந்து போயிருப்பான். மறுபடி ஓட்டினார், மறுபடி கலங்கல். முன்னாலிருந்தே ஓடவிட்டுக் காத்திருக்கலாம் என்றேன். காத்திருந்தோம். கலங்கல் போனது, ஆனால் சுவரும் சட்டையும் ஒரே கறுப்பில் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த மாவு மாதிரி ஏதோ நகர்ந்தது. இருட்டில் யாரும் எதையும் எண்ணப் போவதில்லை என்று முடிவு செய்தவர்கள் அனுப்புகிற படம் அது. மதாம் சமையலறைக்கு எழுந்து போய்விட்டார். பொத்தானைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சொல்தாவுக்குக் கண்புரை எடுத்து அதிக நாள் ஆகவில்லை. படத்தை நிறுத்தினார்.

"எனக்குக் கண்ணு போச்சா, இல்ல படம் போச்சா? நீ எண்ணிச் சொல்லு. பட்டன் எத்தினி?"

"அஞ்சு," என்றேன். "நாலாவது இல்ல."

அவர் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணும்போது ஒன் ஒதடு ஆடும் கணக்கு. இப்ப ஆடல."

ரிமோட்டை டீப்பாயில் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு ஜன்னலை மூடி என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை. இப்போது நெட்டிலும் அந்தப் படம் கிடையாது. தேடினால் வேறு படங்களைக் காட்டுகிறது.

டிஸ்க்கை ஏன் வெயிலில் தொங்கவிட்டீர்கள் என்று மதாமிடம் கேட்டேன். "பொட்டில வச்சி யாருக்கு? புறாவாவது பயப்படட்டும்," என்றார்.

புறாக்கள் பயப்படுவதில்லை. இன்று காலை எண்ணினேன், பதினொரு புறா, டிஸ்க்குக்குப் பக்கத்துக் கொடியிலேயே. மதாம் துணி எடுக்க மாடிக்கு வந்தார். சுழன்றுகொண்டிருந்ததைப் பிடித்து நிறுத்தி, முந்தானையால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, மெதுவாகத் துடைத்தார். கையை விட்டதும் அது மறுபடி சுழன்றது.