பச்சைக் கதவுக்கு முன்னால் நின்ற கார்

எங்கள் குடும்பத்தில் எது எந்த ஆண்டு நடந்தது என்று வாக்குவாதம் வந்தால் கடைசியில் என்னிடம்தான் வருவார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: சின்னம்மாவைப் பெண் பார்க்க மிசிசாகாவிலிருந்து ஆட்கள் வந்தது 1995ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் இருந்தோம். தம்பி அப்போது பிறக்கவில்லை. இந்தக் கடைசித் தகவல் பின்னால் தேவைப்படும்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். வயது முப்பத்தாறு. “இதுவும் குழம்பினால் இனி ஆர் வரப்போகினம்?” என்று அம்மா ரெலிபோனில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் வேலை. இந்தச் சம்பந்தத்தைக் குழப்பக்கூடிய விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. தமிழ் வகுப்பு முடிய சின்னம்மாதான் என்னைக் கூட்டிவருவார். ஆனால் நேரே வீட்டுக்கு வருவதில்லை. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவில் பச்சைக் கதவு போட்ட பப் ஒன்று இருந்தது. முதல்தடவை பனிக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனோம். அடுத்த சனி பனி பெய்யவில்லை. அன்றும் போனோம்.

உள்ளே ரெலிவிஷன் இல்லை, பாட்டு இல்லை. காயாத கோட்டுகளின் மணமும், என் உருளைக்கிழங்குச் சிப்ஸில் தெளித்த வினாகிரியின் மணமும் இருக்கும். ஒரு கிழவி கம்பளி பின்னிக்கொண்டிருப்பார். ஒரு தபால்காரர் தன் நாயோடு இருப்பார். தாடி வைத்த முதலாளி நீண்ட மரக் கைபிடியைப் பிடித்து இழுத்து, கிணற்றுப் பம்பு அடிப்பதுபோல, மண்ணிற பியரைக் கிளாசில் நிரப்புவார். அது சில்லென்று இருக்காது, சீறிப் பொங்கவும் செய்யாது.

“கள்ளு மாதிரித்தான். பீப்பாவுக்கை உயிரோடை இருக்கும். வைச்சிருந்தால் புளிச்சுப்போம்,” என்று சின்னம்மா எனக்கு விளக்கினார். அரைக் கிளாசை ஒரு மணித்தியாலம் குடிப்பார்.

புதுப் பீப்பா திறந்தால் முதலாளி ஒரு வாய் அளவு ஊற்றிக்கொண்டு வந்து சின்னம்மாவுக்கு முன்னால் வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார். சின்னம்மா யோசித்துவிட்டு, போனமுறையைவிடக் கசப்பு, ஆனால் நாக்கில் நிற்கிறது என்று தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொல்வார். தபால்காரர் இல்லவே இல்லை என்பார். கிழவி பின்னலை நிறுத்திவிட்டுச் சின்னம்மாவின் பக்கம் சேர்ந்துகொள்வார். எங்கள் வீட்டில் குழம்புக்குப் புளி காணுமா என்பதைத் தவிர ஒருவரும் சின்னம்மாவிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை.

அம்மாவிடம் சொல்லாதே என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இரகசியத்தை அவர் காப்பதாகவே தெரியாததால் முழுப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. கதவைத் தாண்டியதும் பெப்பர்மின்ற் நீட்டுவது நான்தான். தெரிந்த முகம் ஏதும் தெருவில் வருகிறதா என்று பார்ப்பதும் நான்தான்.

பெண் பார்க்கும் நாள் காலையில் அம்மா வடை பொரித்துக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. மாப்பிள்ளையின் அக்கா புருஷன், அவருடைய அத்தான், வழி கேட்டார். சின்னம்மா எடுத்தார்.

“விசிற்றர் பார்க்கிங் பூட்டிக் கிடக்கு அண்ணை, திருத்த வேலை. பக்கத்துத் தெருவிலை பச்சைக் கதவு போட்ட கடை ஒண்டு இருக்கு. அதுக்கு முன்னாலை விடுங்கோ.”

அங்கேதானா இடம் கிடைத்தது? நல்லபடி முடிந்தால் சிப்ஸ் சாப்பிடுவதையே விட்டுவிடுவதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய தாய், அத்தான். தாய் வடையைப் புகழ்ந்தார். மாப்பிள்ளை கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அத்தானும் அந்தக் குளிரில் பல்கனிக்குப் போய் நெடுநேரம் நகரத்தைப் பார்த்துவிட்டு, கராம்பு மணக்க, முகம் சிவந்து திரும்பினார்கள். பல்கனியில் அரிசி வாளிக்குப் பின்னால் என்ன போத்தல் இருக்கிறது என்பது அம்மாவுக்கும் தெரியும், மாப்பிள்ளையின் தாய்க்கும் விளங்கியிருக்கும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

புறப்பட்டார்கள். கார்வரை போய் வழியனுப்பாமல் விட முடியுமா? எல்லோரும் லிப்டில் இறங்கினோம். மத்தியானச் சாப்பாட்டுச் சனம் போனபிறகு முதலாளி வாசலுக்கு வந்து பனி வழுக்காமல் உப்புத் தூவுவது எனக்குத் தெரியும். அதுதான் அந்த நேரம். அவர் வரக்கூடாது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் கையைப் பிடித்திருந்த சின்னம்மாவின் உதடும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

தெருவில் நான் மறுபக்க நடைபாதைக்கு எல்லோரையும் இழுக்கப் பார்த்தேன். “மெதுவா நட, வழுக்கும்,” என்று சின்னம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

பச்சைக் கதவு திறந்தது. உப்பு வாளியோடு தாடிக்காரர். சின்னம்மாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இன்றைக்கு ஏன் காணவில்லை, புதுப் பீப்பா திறந்தாயிற்று, நீ சொல்லும்வரை தபால்காரன் அடங்கமாட்டான் என்று இங்கிலிஷில் சத்தமாகச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய் நின்றார். “உவர் ஆர், பிள்ளை?”

அம்மா முந்திக்கொண்டார். “உது… வேலை இடத்து ஆக்கள்.”

“இல்லை அன்ரி,” என்றார் சின்னம்மா. “நான் சனிக்கிழமையிலை இஞ்சை வாறனான். அரைக் கிளாஸ் குடிப்பன். நல்லாயிருக்கும்.”

அத்தான் மட்டும், “என்ன, பியரோ?” என்று ஆவலாகக் கேட்டு, மாமியாரின் பார்வையில் அடங்கினார். மாப்பிள்ளை முதல்முறையாகச் சின்னம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, ஏறு காரிலை,” என்றார் தாய் மகனிடம். ஏறினார்.

இரண்டு நாளில் ரெலிபோன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். அம்மா அழுதார். பிறகு பங்குனி முழுவதும் சின்னம்மாவோடு பேசவில்லை. எனக்கு அதுவரை தெரிந்த மிகப் பெரிய துரதிர்ஷ்டம் அதுதான். கொஞ்சம் தள்ளிக் காரை விட்டிருந்தால், பார்க்கிங் பூட்டாமல் இருந்திருந்தால் என்று படுக்கையில் கிடந்து யோசிப்பேன்.

போன வருடம் அம்மா தம்பி பிறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நிலக்கீழ் விசிற்றர் பார்க்கிங்கை உடைத்துப் போட்டிருந்ததால், கைக்குழந்தையோடு றோட்டில் இறங்கி நடந்தாராம். நாங்கள் இருந்த காலத்தில் அதைப் பூட்டியது அந்தக் கோடையில் மட்டும்தான் என்றார் அப்பா. தம்பி பிறந்தது 1996 ஆடியில், பெண் பார்க்க வந்து ஒன்றரை வருடம் கழித்து.

விட்பியில் இருக்கும் சின்னம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். “உனக்கு உந்தத் தேதியளை விட்டால் வேறை வேலையில்லை,” என்று சிரித்தாரே தவிர, மறுக்கவில்லை.

அந்த லிப்டுக்குள் நாங்கள் இருவரும் ஒரே வேண்டுதலைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அன்று நான் நம்பினேன்.