மோரிஸ் மைனர் செட்ரிக்

இடது கை சக்கரத்துக்குப் பின்னால் துழாவுகிறது. வலது கையில் கிரீஸ் துப்பாக்கி. சுண்டைக்காய் அளவில் ஒரு முனை விரலில் பட்டதும், செட்ரிக் ஹாலோவெல் துப்பாக்கியை அதில் பொருத்தி நான்கு அழுத்து அழுத்துகிறார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்குகிறது. சுட்டுவிரலால் வழித்து, மோந்து பார்த்து, கந்தையில் துடைக்கிறார். ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் இந்த இடத்தைக் கவனிக்காவிட்டால் அவருடைய பழைய மோரிஸ் மைனர் காரின் முன்சக்கரம் ஒரு நாள் நடுரோட்டில் மடங்கி உட்கார்ந்துவிடும். செட்ரிக் இருநூறு மைலுக்கு ஒரு தரம் கவனிக்கிறார்.

"பாவம், அதுக்கு மூட்டு வலி" என்பார். அவருடைய மூட்டுக்குத் தைலம் தேய்க்க மட்டும் வாரக்கணக்கில் கெஞ்ச வேண்டும்.

வயது எண்பத்திரண்டு. இங்கிலாந்தில் ஈவ்ஷாம் ஊரில் தங்கை மேவிஸோடு ஒரே வீட்டில் இருக்கிறார். சீமான்களின் நீள வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், கூரையில் கூடாரம், மடியில் நாய் என்று கடற்கரைக்குப் போய்வந்த வண்டிகள்தான் அவருக்கு வண்டி. ஆஸ்டின், ஹில்மேன், ஸ்டாண்டர்டு, வோல்ஸ்லி.

"மேடு வந்தா மூச்சு வாங்கும். எல்லாரும் எறங்கித் தள்ளணும். குடும்பம்னா அப்புறம் என்னவாம்?"

மனிதர்களை அவர் வண்டியை வைத்துத்தான் அறிவார். போன வருடம் ஒரு இறுதிச் சடங்கில் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹில்மேன் மின்க்ஸ் மாதிரி ஒரு மனுஷன் இனி கிடைக்க மாட்டார்" என்றார். இறந்தவரின் பெயர் ஜெரால்டு என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. விதவை கோபிக்கவில்லை. அந்த வண்டியில்தான் அவர்கள் தேனிலவுக்குப் போனார்களாம்.

மேவிஸ் நாற்பது வருடம் வீடு வீடாகப் போய்க் கட்டுப் போட்ட நர்ஸ். பெருமூச்சு விட நேரமில்லாதவள். நோயாளிகள் அழைத்த மாதிரி அண்ணனும் அவளை "சிஸ்டர்" என்றே அழைப்பார். இந்த வசந்தத்தில் அவர் டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். ரொட்டியை விட்டுவிட்டு மேசை விரிப்பில் வெண்ணெய் தடவினார். மேவிஸ் விரிப்பைத் துவைத்துப் போட்டாள். பிறகு லைசென்ஸ் படிவம் வந்தது. எழுபது தாண்டியவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இருபது மீட்டரில் நிற்கும் வண்டியின் எண்ணைப் படிக்க முடிகிறது என்று தாங்களே கையெழுத்திட வேண்டும்.

"இப்பவே போட்டுடறேன், பேனாவைக் குடு."

"படிச்சுக் காட்டு. அப்புறம் போடு" என்றாள் மேவிஸ்.

மறுநாள் ஞாயிறு, பிளம் மரங்கள் பூத்திருக்கும் சாலை வழியே பழைய கார் சங்கத்தின் பதினான்கு வண்டிகள் ஊர்வலம் போகும். பத்தொன்பது வருடமாக முதல் வண்டி செட்ரிக்குடையது. கையெழுத்து இல்லையென்றால் முதல் வண்டியும் இல்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானத்தில் சங்கத்து வண்டிகள் மதுக்கடை முற்றத்தில் கூடும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. யாரும் ஒதுக்கித் தந்ததில்லை, யாரும் மாற்றியதுமில்லை. மேவிஸ் தையல் நாடாவால் இருபது மீட்டர் அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அண்ணனை நிறுத்தினாள்.

"வலது ஓரம்."

"எக்ஸ்.டி.கே. 418. வோல்ஸ்லி." தடுமாற்றமே இல்லை.

"அடுத்தது."

"என்.யூ.பி. 77. பின்விளக்கு ஒண்ணு எரியாது, அதையும் எழுதிக்கோ."

கூட்டம் கைதட்டியது. மேவிஸுக்கே சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்தாள்.

"சுவரோரம் நிக்கறதையும் சொல்லிடு, போதும்."

"ஆஸ்டின். ஆர்.டபிள்யூ.ஜே. 203" என்றார் செட்ரிக், குறும்பாகத் தொப்பியைத் தூக்கி.

கைதட்டல் நின்றது. ஆஸ்டின்காரிக்குக் காய்ச்சல், அவள் அன்று வரவேயில்லை. நிழலாக இருக்கிறதே என்று அந்த இடத்தில் தன் ஸ்டாண்டர்டை விட்டிருந்தவர் பெர்சி டாங்க்ஸ்.

"அது என்னோடதுப்பா, செட்ரிக்" என்றார் பெர்சி, தப்பு செய்தவர் போல.

"என் கண்ணுல தப்பில்ல! நீ ஏன்யா ஆஸ்டின் எடத்துல நிறுத்தின? ஒழுங்கா குப்பைத் தொட்டி பக்கத்துல நிறுத்த வேண்டியதுதானே?"

"அப்போ இவ்வளவு நேரம் நீ படிக்கல. ஒப்பிச்சிருக்கே" என்றாள் மேவிஸ். பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். "புரை விழுந்திருக்கு. அறுத்து எடுத்தா சரியாப் போயிடும். அதுவரைக்கும் நீ ஓட்டக் கூடாது."

"நாளைக்கு?"

"நான் ஓட்டறேன். நர்ஸ் வேலைக்கு இதே மாதிரி ஒரு மைனர்லதான் ஊரெல்லாம் சுத்தினேன்."

"உனக்குக் கால் எட்டாது. அம்பத்தோரு வருஷமா என்னைத் தவிர ஒருத்தரும் அதை ஓட்டினதில்ல. வண்டி வீட்லயே கெடக்கட்டும்."

வீடு வரும்வரை வண்டியை ஓட்டிவந்தவள் மேவிஸ், இருக்கையின் விளிம்பில் தொங்கியபடி. இரண்டாவது கியரில் ஒரு முறை பல் நறநறத்தபோது மட்டும் "அய்யோ" என்றார். இரவுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை மட்டும் தின்றுவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் காலை மேவிஸ் கொட்டகைக்குப் போனபோது, கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. செட்ரிக் வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து மண்டியிட்டிருந்தார். அரை நூற்றாண்டாக அசையாமல் துருவேறிக் கிடந்த ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, மூன்று பல் முன்னுக்குத் தள்ளியிருந்தார். எழுந்து கையைத் துடைத்தார். வண்டியைச் சுற்றிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, டீ தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டார்.