என் முகத்தில் இல்லாத திட்டுகள்

எழுபதுகளின் தொடக்கம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்கள். தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா தெற்கிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்தவர். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தாலே இன்றும் எனக்கு முகம் சிவந்துவிடும். வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆத்திரம்!

தரகர் ஜாதகத்தோடு போட்டோவும் கேட்டார். ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றேன். "வீட்டுல கேமரா இருக்கும்போது ஸ்டூடியோ எதுக்கு?" என்றான் அண்ணன். தான் பெரிய போட்டோகிராபர் என்ற நினைப்பு அவனுக்கு. அந்தக் கேமராவில் பொங்கலுக்குப் போட்ட பிலிம் சுருள் இன்னும் தீராமல் கிடந்தது. அப்போதெல்லாம் கடைசிப் படம் எடுத்து முடிக்கும்வரை சுருள் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். மாடிச் சுவரோரம் நிறுத்தி என்னை எடுத்தான். பிறகு கேமராவை என் கையில் கொடுத்து, தலையைச் சீவிக்கொண்டு வந்து, தன்னையும் ஒன்று எடுக்கச் சொன்னான். சுருளைப் பாண்டி பஜார் ஸ்டூடியோ ஒன்றில் கழுவக் கொடுத்து, என் முகத்தை மட்டும் பெரிதாக்கி இரண்டு பிரதி வாங்கிவந்தான். "நல்லாத்தான் வந்திருக்கு" என்று ஒன்றைத் தரகரிடம் நீட்டிவிட்டு, மற்றதை நெகட்டிவோடு பீரோவில் போட்டுப் பூட்டினான்.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். உள்ளே வரவில்லை. "அண்ணாச்சி, பொண்ணு முகத்துல வெள்ளத் திட்டு இருக்காமே. எங்கிட்ட மறைச்சிட்டீங்களே" என்று வாசலிலேயே அப்பாவைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பீரோவிலிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தோம். கன்னத்திலும் நெற்றியிலும் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள். தாடையில் வெளிறிய திட்டு. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், என் முகமும் என்னோடுதான் இருந்தது. அம்மா என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கன்னத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

"இப்பத்தான் ஆரம்பிக்கு போல. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியுமாம்லா" என்றாள்.

ஒன்றுமில்லை என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அப்படியே இருந்தால்தான் என்ன, கொலைக்குற்றமா என்றும் கேட்டேன். அதற்கு அடிக்காத குறைதான். மறுநாள் நாட்டு வைத்தியரிடமிருந்து பூச்சு வந்தது. வெண்புள்ளிக்குப் பூசும் கார்போகரிசி அரைத்தது. பூசிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டுமாம். உட்காரவைத்தார்கள். அக்கினி வெயிலில், மொட்டைமாடியில்! ஒரு வாரத்திற்குள் இரண்டு கன்னமும் கன்றிச் சிவந்து கொப்புளம் போட்டது. "மருந்து வேலை செய்யுது" என்றாள் அம்மா.

அன்று எனக்கு வந்த கோபத்தில் பீரோவைத் திறந்து நெகட்டிவை எடுத்தேன். ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், எனக்குப் பின்னாலிருந்த சுவரிலும் புள்ளி, புடவையிலும் புள்ளி. அடுத்திருந்த அண்ணன் படத்திலும் அதே கதை. முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பாண்டி பஜாருக்கு நடந்தேன். அண்ணன் முகத்தையும் அதேபோல் பெரிதாக்கித் தரச் சொன்னேன்.

"பிலிமு சூட்டுல கெட்டுப்போச்சும்மா. கேமராவ எங்க வெச்சிக்கினு இருந்தீங்க, அடுப்பாண்டயா?" என்றார் ஸ்டூடியோக்காரர். கழுவும்போதே தெரிந்ததாம்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கழுவச் சொன்னாங்க, கழுவிக் குடுத்தேன். அதுக்கு மேல நான் இன்னா பண்றது?"

அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். கேமரா இருந்த இடம் எனக்குத் தெரியும். கூடத்தில் காலையிலிருந்து ராத்திரிவரை பாடும் எங்கள் பழைய வால்வு ரேடியோ. அதன்மேல் பூவேலை செய்த துணி, துணிமேல் கேமரா. உள்ளே வால்வுகள் எரிந்து எரிந்து, மேலே கையை வைத்தால் சுடும். பொங்கலிலிருந்து அந்தச் சூட்டில் வெந்த பிலிம் அது.

வீட்டுக்கு வந்து, எதுவும் சொல்லாமல் அண்ணன் படத்தை அம்மா கையில் கொடுத்தேன். நெற்றி முழுக்கப் புள்ளி, மூக்கில் திட்டு. பூச்சுக் கிண்ணத்தைக் கையில் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன். "இவனுக்கும் ஆரம்பிச்சிட்டும்மா, வெயில் போறதுக்குள்ள மாடிக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா படத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள். "சீ, என்ன கேமரா இது! என் புள்ள மூஞ்சிய இப்படிக் கெடுத்து வச்சிருக்கு" என்றாள்.

கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

பிறகு எல்லாம் சரியாயிற்று. படம் கெட்ட கதையைக் கேட்ட தரகர் புதுப் போட்டோ கேட்டு வந்தார். வேண்டுமானால் ஆட்கள் நேரில் வந்து பார்க்கட்டும் என்று நானே சொல்லி அனுப்பினேன். வேறு இடத்தில் கல்யாணம் நடந்து, எனக்கும் ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்து, வளர்ந்து பெரியவர்களானார்கள். கன்னத்துக் கொப்புளம் தழும்பில்லாமல் ஆறிவிட்டது. ஆனால் என் மகளைப் பற்றி யாராவது எதையாவது சொல்லிக்கொண்டு வரும்போதெல்லாம், இதையே மகனைப் பற்றிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் அம்மா ஒரே ஒருமுறை அப்படிக் கேட்டிருந்தால் போதும், நான் அந்த வெயிலில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.