கறுப்புச் சட்டைச் சாமி

திண்டுக்கல்லில் ஒரு ஆம்பளை தாடி வளர்த்து, முடியைத் தோள்வரை இறக்கிவிட்டு, கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்தால் ஊர் அவனுக்கு இரண்டே காரணங்கள்தான் வைத்திருக்கிறது. கார்த்திகை, மார்கழி என்றால் மலைக்கு மாலை போட்டிருக்கிறான். மற்ற மாதங்களில் வேலைவெட்டி இல்லை. 'அதெல்லாம் இல்லைங்க, நான் ஹெவி மெட்டல் கேட்கிறவன், சட்டையில் இருப்பது எனக்குப் பிடித்த இசைக்குழு' என்று பால்காரரிடம் ஒருமுறை விளக்கினேன். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, என் இடுப்பில் இருந்த மகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மகளை வளர்ப்பதுதான் என் முழுநேர வேலை. மனைவி கரண்ட் ஆபீசில் இன்ஜினியர். குழந்தை பிறந்ததும் இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டிய நிலை வந்தது. அவளுடையது அரசாங்க வேலை, என்னுடையதோ கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, எந்தக் காலையிலும் ஒரு மெயில் அனுப்பி வீட்டுக்குப் போகச் சொல்லிவிடும். அதனால் நானே முந்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தெருவில் எனக்கு மரியாதை கிடைப்பது கரண்ட் போகும்போது மட்டும்தான். "தம்பி, மேடத்துக்கிட்ட எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க" என்று பெரிய மனிதர்களெல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள். கரண்ட் வந்ததும் பழையபடி நான் தண்டச்சோறு.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டுவது திட்டுகிறவர்கள்கூட இல்லை, பரிதாபப்படுகிறவர்கள்தான். எதிர்வீட்டு அக்கா மூன்று பிள்ளைகளை வளர்த்து, மாமனாருக்கும் பத்தியச் சோறு வடித்துக் கொட்டுகிறார். அவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான் ஒரு டிபன் பாக்ஸ் கட்டினால் "பாவம்யா அந்த மனுசன்" என்று தெருவே உருகுகிறது. அந்தப் பாவத்தை அப்படியே அந்த அக்காவுக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று பலமுறை தோன்றியிருக்கிறது.

என் இசையில் பாடகர்கள் பாடமாட்டார்கள், அடிவயிற்றிலிருந்து உறுமுவார்கள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊர் வழக்கப்படி தாலாட்டுத்தான் முயன்று பார்த்தேன். என் குரலில் தாலாட்டைக் கேட்டு அவள் வீறிட்டாள். ஒரு மத்தியானம் களைத்துப்போய், எனக்குத் தெரிந்த உறுமலையே அவள் காதோரம் மெதுவாக உறுமினேன். அழுகை நின்றது. இமை சொருகித் தூங்கிப்போனாள். நாலு வயது ஆகிவிட்டது, இன்றைக்கும் அதுதான் எங்கள் வீட்டுத் தாலாட்டு.

என் மாமியாருக்கு இது எதுவும் பிடிக்காது. ஆத்தூரில் தென்னந்தோப்பும் நாலு பேர் மதிக்கும் வீடும் உள்ளவர். "பொம்பளப் பிள்ளைய ஆம்பள வளத்தா வெளங்குமா? தை பொறந்ததும் பிள்ள இங்க வந்துரும். இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துருவோம். மாப்ள நெலக்கோட்டையில பூ ஏத்துற வேன்களப் பாத்துக்கிரட்டும்" என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். மனைவி இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து ஓய்ந்துபோனாள். எனக்குப் பயம்தான். அந்த வீட்டில் அவர் எடுத்த எந்த முடிவையும் யாரும் மாற்றி நான் பார்த்ததில்லை.

அந்தக் கார்த்திகையில் மைத்துனன் மகனுக்குக் காதுகுத்து வந்தது. காற்று மழையில் கம்பங்கள் சாய்ந்து மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. "நீ பாப்பாவக் கூட்டிட்டுப் போ. அம்மாகூட சண்டை போடாத. சட்டைய மட்டும் மாத்திட்டுப் போ" என்றாள். நாலு நாள் மழையில் நான் துவைத்துப் போட்ட துணி ஒன்றுகூடக் காயவில்லை. காய்ந்திருந்தது அந்தக் கறுப்பு டீசர்ட் மட்டும்தான். நெஞ்சில் ஒரு மண்டை ஓடு, அதற்கு மேலே முள்வேலி மாதிரி எழுத்தில் குழுவின் பெயர். போதாக்குறைக்கு வழியில் செருப்பு வார் அறுந்துபோனது. வெறுங்காலோடு, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் படக்கென்று எழுந்தார். "வாங்க சாமி, வாங்க. எப்ப மலைக்கு?" என்றார். பக்கத்தில் இருந்தவர் என் நெஞ்சு எழுத்தை உற்றுப் பார்த்து, "மலையாளத்துல எழுதியிருக்கு" என்று எல்லோருக்கும் விளக்கினார். மண்டை ஓட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஏதோ மலையாளத்துச் சாமி என்று விட்டுவிட்டார்கள் போல. என் கழுத்தில் எப்போதும் ஒரு தோல் கயிறு கிடக்கும். அதன் நுனி சட்டைக்குள் மறைந்திருந்ததால் மாலைக்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

நான் மறுத்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமியார் வந்துவிட்டார். "ஆமா, எம் மருமகன் மாலை போட்டுருக்காரு. அதான் வேலைக்குக்கூடப் போகல" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார். என் கையைப் பிடிக்காத குறையாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒரு பொழுது வாயத் தொறக்காதீக மாப்ள. எம் மானம் போயிரும். பிள்ள விசயத்த அப்புறமாப் பேசிக்கிருவோம்."

பேசிக்கொள்வோம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால் சாமியாகிவிட்டேன். இத்தனை வருடமாக ஒரு பிள்ளைக்குச் சோறூட்டிக் குளிப்பாட்டித் தூங்கவைத்ததில் கிடைக்காத மரியாதை, காயாத துணியால் ஒரு காலையில் கிடைத்தது. நாற்காலி வந்தது, மின்விசிறி என் பக்கம் திரும்பியது. என் மகள் புகைப்படக்காரருக்கு ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பாக நிமிர்த்திக் காட்டினாள். மெட்டல் கேட்கிற எங்கள் கூட்டத்து வணக்கம் அது. "மான் முத்திரை எம்புட்டு அழகாப் பிடிக்கிறா! டான்ஸ் கிளாஸ் போறாளா சாமி?" என்று ஒரு சின்ன அத்தை கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

தண்டனை பந்தியில் வந்தது. சீரகச் சம்பா பிரியாணி, அண்டா மூடியைத் திறந்ததும் தெருமுனை வரை மணக்கிறது. எனக்கு மட்டும் தனி இலை போட்டு, தயிர்சோறும் ஊறுகாயும் வைத்தார்கள். திண்டுக்கல்காரனுக்கு முன்னால் இப்படிச் செய்வது பாவம். பிரியாணி வாளி என் இலையைத் தாண்டி நாலு தடவை போனது. நான் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன். "சாமியோட பக்தியப் பாத்தீகளா" என்றார் பெரியவர்.

அந்தப் பக்கம் அத்தைமார்கள் என் மகளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கையாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கறி, ஜிலேபி, கலர், பால்கோவா. "பால்கோவா அவளுக்கு ஒத்துக்காதுங்க" என்று எட்டிச் சொன்னேன். "ஒரு வாய்ல என்ன ஆகிரும்? ஆம்பளைக்கு என்ன தெரியும், நீங்க சாப்புடுங்க சாமி" என்று ஒருத்தர் அதட்டினார். "இனிமே நாங்கதான வளக்கப் போறோம்" என்றார் மாமியார். நான் தயிர்சோற்றைப் பாதியில் விட்டு இலையை மூடினேன்.

நான் கைகழுவப் போன நேரத்தில் அது நடந்தது. திரும்பி வந்தால் கூடத்தின் நடுவில் என் மகள் வாந்தி எடுத்து, மேலும் கீழுமாக எல்லாம் நனைத்துக்கொண்டு வீறிட்டுக்கொண்டிருக்கிறாள். ஊட்டிய கைகள் அத்தனையும் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒருத்தர் தூரத்தில் நின்றே தாலாட்டுப் பாடினார், அவள் இன்னும் கத்தினாள். நான் ஓடினேன். பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "சாமி, நீங்க தொடக் கூடாது. மாலை போட்டவுக. தீட்டு. பொம்பளைங்க யாராச்சும் பாருங்கம்மா."

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். வளர்க்கப் போவது அவர்தானே. அவர் கட்டியிருந்தது காதுகுத்துக்கென்று எடுத்த புதுப்பட்டு. பேத்தியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார்.

"அட, அவரு மாலையும் போடல, ஒண்ணும் போடல! அது ஏதோ பாட்டுக்காரன் சட்டை" என்று கத்தினார். "மாப்ள, வாங்க, வந்து பிள்ளையத் தூக்குங்க!"

தூக்கினேன். நாற்றத்தோடு நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, காதோரம் வழக்கம்போல உறுமினேன். அடிவயிற்றிலிருந்து, மெதுவாக. "என்னய்யா இது, பன்னி உறுமுற மாதிரி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அழுகை விக்கலாகி, விக்கலும் அடங்கியது. மகள் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொல்லைப்பக்கக் குழாயடியில் அவளைக் கழுவினேன். மாமியார் பட்டைச் செருகிக்கொண்டு, தெறிக்காத தூரத்தில் நின்று சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டிக்கொண்டிருந்தார். நான் எப்படிப் பிள்ளையைப் பிடிக்கிறேன், எங்கே முதலில் துடைக்கிறேன் என்று கண் கொட்டாமல் பார்த்தார். இனி தள்ளிப்போட முடியாது என்று கேட்டேவிட்டேன்.

"அத்தை, தை மாசம் பிள்ளைய இங்க கொண்டாந்து விடணுமா?"

அவர் இன்னொரு சொம்பு தண்ணீர் நீட்டினார்.

"எதுக்கு? உங்களுக்கு வேற வேலை வந்துருச்சா?" என்றார்.